சீட்டுக்கட்டு வேண்டாம்

சீட்டுக்கட்டு வேண்டாம்னு அந்தம்மா எதுக்குச் சொல்லணும். வேற எதை வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம், கேசரிக்குக் கலர் போடாதீங்கன்னு சொல்லலாம், ஸ்பீக்கர் வேண்டாம்னு சொல்லலாம், மாப்பிள்ளை வீட்டு ரூம்ல சீட்டுக்கட்டு வைக்காதீங்கன்னு எந்த ஊர்ல எந்தச் சம்பந்தி சொல்லியிருக்கா. தாம்பூலத் தட்டுல வெத்தலையை அடுக்கிக்கிட்டு இதையேதான் நினைச்சுக்கிட்டு நிக்கிறேன். என் பொண்ணு தர்ஷினிக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தம். சேலத்துல ஒரு ஹோட்டல் மாடி ஹால், ஏசி, மேடைக்குப் பின்னாடி ரோஜாப்பூ தட்டி. டிபன் முடிஞ்சுது. எமகண்டம் பொறக்கறதுக்குள்ள தட்டு மாத்திடணும்னு ஐயர் சொல்லியாச்சு, அதுக்கு இன்னும் நேரம் கெடக்குது. பொண்ணைப் பெத்தவன்னு வர்றவங்க எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க, நானும் சிரிக்கிறேன், கன்னம் வலிக்குது. எங்க சனத்துல வெளியூர்லேருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கினா அவங்க ரூம்ல என்னென்ன வைக்கணும்னு ஒரு முறை இருக்கு. சோப்பு, சீப்பு, தேங்காண்ணெய், பேப்பர், வெத்தலை சீவல், ரெண்டு புது சீட்டுக்கட்டு. ஆம்பளைங்க ஜமக்காளத்துல வட்டமா உக்காந்து ஆடுவாங்க. சீட்டுக்கட்டு வைக்கலைன்னா மாப்பிள்ளையோட சித்தப்பனுக்கும் மாமனுக்கும் மூஞ்சி தூக்கிக்கும், மரியாதை தெரியாத வீடுன்னு ஊருக்குப் போயிச் சொல்லுவாங்க. அந்த மரியாதையைத்தான் அந்தம்மா, மாப்பிள்ளையோட அம்மா, மரகதம், காஞ்சிபுரத்துலேருந்து போன் போட்டு வேண்டாம்னாங்க. யாருக்குச் சக்கரை இல்லாம காப்பி, யாருக்குக் கட்டில் வேணும், எல்லாம் சொல்லி முடிச்சு, போனை வைக்கப்போற நேரத்துல, “இன்னொண்ணுங்க சம்பந்தியம்மா, ரூம்ல சீட்டுக்கட்டெல்லாம் வாங்கி வைச்சிடாதீங்க”ன்னாங்க. குரல் இறங்கியிருந்துச்சு. பக்கத்துல யாரோ கேட்டுறக் கூடாதுங்கற குரல். இப்பல்லாம் யாருங்க ஆடறாங்கன்னு ஒரு சிரிப்பு வேற. நான் சரிங்கன்னேன். வேற என்ன சொல்றது. மடியில கனம் இருந்தா வழியில பயம், எனக்கு மடி நிறைய கனம். அடுப்புல இருந்த சாம்பார் அடிபுடிச்சு வாசம் வந்தப்பறம்தான் நான் போனைக் காதுலேருந்து எடுத்தேன்.

தெரிஞ்சுபோச்சு அவங்களுக்கு. வேற அர்த்தமே இல்ல. உங்க வீட்டுக்காரர் லட்சணம் எங்களுக்குத் தெரியும், அந்த மனுசன் கைக்கெட்டற தூரத்துல சீட்டு வைக்காதீங்கன்னு நாசூக்காச் சொல்றாங்க. யாரு சொல்லியிருப்பா. என் வீட்டுக்காரர் தனசேகர் விஷயம் தெரிஞ்சவங்க மொத்தமே நாலு பேரு. ஊருக்கு எல்லாம் மரவள்ளிக் கிழங்கு வியாபாரத்துல கூட்டு சேந்து ஏமாந்துட்டார்னுதான் சொல்லி வைச்சிருக்கேன். அந்த நாலு பேர்ல ஒருத்தி அதோ, முன்வரிசையில காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, அவரோட அக்கா சகுந்தலா, என் நாத்தனா. அவ வாயில ஒரு விஷயம் தங்கி நான் பாத்ததில்ல. இப்பக்கூட காஞ்சிபுரத்துப் பொம்பளை ஒருத்தி காதுல என்னமோ ஓதிக்கிட்டிருக்கா, என்னைப் பாத்ததும் நிறுத்தறா, ஏன் நிறுத்தணும். புடவையைப் பத்தின்னா நான் பாக்கறப்பவும் பேச வேண்டியதுதானே. இல்லைன்னா என் தம்பி இளங்கோ. குடிச்சா உண்மை பேசற ஜாதி அவன். இல்லைன்னா ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்த எவளாவது. இப்படி எல்லா மூஞ்சியையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து, இவளா, இவனான்னு போட்டுப் போட்டுப் பாத்து, நானும் ஒரு ஆட்டம்தான் ஆடிக்கிட்டிருக்கேன்னு தோணுது. அப்பறம் வேற பயம் வருது. தெரிஞ்சும் ஏன் வந்தாங்க. தெரிஞ்சும் ஏன் இந்தப் பொண்ணையே கேட்டாங்க. பையன் பேரு சபரிநாதன், பெங்களூர்ல கம்பெனி வேலை, பாக்க லட்சணமா இருக்கான், பேச்சுக்கு மேல பேச்சு பேசாதவன், அவனுக்கா பொண்ணு கெடைக்காது. எதையோ வைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சபையில, தட்டு மாத்தற நேரத்துல, அந்த அஸ்திரத்தை எடுத்து விடுவாங்களோ. கூடப் பவுன் கேட்டு நம்ம வாயை அடைக்கவோ. 

அவரைக் காணோம். இப்பத்தான ஐயர் பக்கத்துல நின்னார். கண்ணு தானாத் தேடுது, அதை நிறுத்த என்னால முடியறதில்ல, சாமி கும்புடறப்பக்கூட ஒரு கண்ணு அவர் மேல. தனசேகர்னா மில்லுல எல்லாரும் சாதுன்னுதான் சொல்லுவாங்க. ஜவ்வரிசி மில்லுல சூப்பர்வைசர். பீடி இல்ல, பிராந்தி இல்ல, அடுத்த பொம்பளையை ஏறெடுத்துப் பாக்க மாட்டார். பொண்ணு குடுத்தப்ப எங்கப்பா அதையெல்லாம்தான் விசாரிச்சார். போன்ல காசு கட்டி ஆடற சீட்டு வரும்னு எங்கப்பாவுக்கு எப்படித் தெரியும். ஊரடங்குல மில்லு மூடிக் கெடந்தப்ப ஆரம்பிச்சது. பொழுதுபோக்குன்னார். நானும்தான் பக்கத்துல உக்காந்து, இந்தச் சீட்டைப் போடுங்கன்னு சொல்லியிருக்கேன். அப்பறம் பாத்ரூமுக்குள்ள போயி குழாயைத் தொறந்து விட்டார்னா வெளிய வரமாட்டார். அப்பறம் தர்ஷினி கல்யாணத்துக்குன்னு வைச்சிருந்த எடம் போச்சு. அவரோட அம்மா காரியத்தன்னிக்கு பவானி ஆத்துல இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு வலது கையில எள்ளும் தண்ணியும், இடது கையில போன். மில்லுலேருந்து மெசேஜ் வரும்னார். நான் நம்பினேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது, அவர் பொய் சொன்னது இல்ல, நான் நம்பினது. ஒரு நாள் மில்லுல ஆள் முழுகற மாவுத்தொட்டி ஓரத்துல ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிறார்னு லோடுமேன் ஒருத்தன் எனக்குப் போன் பண்ணினான். ஏன் நிக்கிறார்னு அவனும் சொல்லல நானும் கேக்கல. செருப்புகூடப் போடாம ஓடினேன். அன்னிக்கு அவராத்தான் வாயைத் தொறந்து சொன்னார், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போன்னு. மாத்திரை, டாக்டர், வாராவாரம் போயி நாலு பேரோட உக்காந்து பேசறது, இப்ப பட்டன் போன்தான். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு சீட்டுத் தொடல. தொடலைன்னு அவர் சொல்றார். தொடலைன்னு நான் நம்பறேன்னு நானும் சொல்றேன்.

அந்த விளம்பரம் வரும் பாருங்க, முழுக்க ஆடு ஆடுன்னு சிரிச்சுக்கிட்டுச் சொல்லிட்டு, கடைசியில ஒரு ஆளு மூச்சு விடாம கடகடன்னு, பொறுப்புடன் விளையாடவும்னு சொல்லுவான். பொறுப்பு. அந்த வார்த்தையைக் கேட்டா எனக்கு உடம்பெல்லாம் எரியும். பொறுப்பு யாருதுன்னு நான் படியேறிக் கேக்காத எடமில்ல. கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு தேன் மாதிரிப் பேசினா, மேடம், அவரு விருப்பப்பட்டுத்தான ஆடறாரு, நாங்க எச்சரிக்கை போட்டிருக்கோமேன்னா. போலீஸ் ஸ்டேசன்ல கேட்டா, தடைன்னாங்க, அப்பறம் கோர்ட்டுல இல்லைன்னாங்க, மறுபடி தடைங்கறாங்க, எங்களுக்கே புரியலம்மா, நீங்க போனைப் புடுங்கி வைங்கன்னாரு. அவங்க அக்கா சகுந்தலா என்ன சொன்னா, பொண்டாட்டி சரியா இருந்தா புருசன் எதுக்கு போனைக் கட்டிக்கிட்டு அழறான்னா. மில்லு மொதலாளி, வீட்டுல பாத்துக்கங்கம்மான்னாரு. எங்கம்மாகூட நீதாண்டி பாத்துக்கணும்னு சொன்னா. ஆளாளுக்குத் தட்டிவிட்டு கடைசியில எல்லாம் என் மடியில வந்து விழுந்துச்சு. நானும் பாத்துக்கிட்டேன். சட்டைப் பையைப் பாத்தேன், பாத்ரூம் கதவுல காதை வைச்சேன், தூங்கறப்ப கண்ணு இமைக்குள்ள உருளுதான்னு பாத்தேன். அவரு ஆடினாரு, நான் அவரை ஆடினேன். இப்ப அவரு நிறுத்திட்டாரு, எனக்குத்தான் நிறுத்தத் தெரியல. எந்த ஆஸ்பத்திரியிலயும் எனக்கு மாத்திரை எழுதிக் குடுக்கல.

காலையிலேருந்து என்கிட்ட எதையோ சொல்ல வந்து வந்து போறார். பந்தி நேரத்துல வந்து, பூங்கோதை, ஒரு நிமிசம்னார். இப்ப என்னங்க, சட்னி பத்தலைன்னு அங்க கத்தறாங்கன்னு அனுப்பிட்டேன். அப்பறம் பூக்காரன்கிட்ட நான் சண்டை போட்டுக்கிட்டிருக்கறப்ப பக்கத்துல வந்து நின்னார். மாப்பிள்ளைகிட்ட கொஞ்சம் தனியாப் பேசிப் பாத்தியான்னார். நான் எதுக்குத் தனியாப் பேசணும், பொண்ணு பேசுது, போதாதான்னேன். என்னையே பாத்து முழிச்சார். அந்த முழி எனக்குத் தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டின முழி. என்கிட்ட போன் கேக்க வந்திருப்பாரோ, என்னோடது பெரிய போன். அதுலேருந்து என் போனை இடுப்புலேயே சொருகி வைச்சிருக்கேன். இப்ப ஆளையே காணோம். தம்பி இளங்கோவைக் கூப்புட்டு உன் மச்சான் எங்கடான்னா, மேல மாப்பிள்ளை வீட்டு ரூமுக்குப் போனாருக்கா, அங்க ஒரே கொண்டாட்டம், நீ சீட்டுக்கட்டு வைக்கலைன்னதும் மாப்பிள்ளையோட சித்தப்பா தன்னோட பையிலேருந்தே ஒரு கட்டு எடுத்துப் போட்டுட்டாருன்னு சிரிக்கிறான். சிரிக்கிறான் பாவி. என் கையில இருந்த குங்குமச் சிமிழ் கீழ விழுந்துச்சு, நல்ல வேளை மூடியிருந்துச்சு. ரூமுக்குள்ள சீட்டு. ரூமுக்குள்ள இவரு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாதும்பாங்க, எந்தப் பூனையைப் பாத்துச் சொன்னாங்களோ, பால் வாசம் வந்தா எல்லாப் பூனையும் போகும். ரெண்டு வருசம் ஒரு நொடியில போயிடும்னு டாக்டரே சொல்லியிருக்காரு. அதுவும் இன்னிக்கு, அதுவும் சம்பந்தி வீட்டார் மத்தியில. இதுக்குத்தான் வேண்டாம்னாங்களா. இல்ல, இதைப் பாக்கறதுக்குத்தான் அந்தச் சித்தப்பன் எடுத்துப் போட்டானா, சோதிச்சுப் பாக்கறாங்களா. மாலை எங்கன்னு பாத்துட்டு வர்றேன்னு யார்கிட்டயோ சொல்லிட்டு மாடிப்படியைப் பாத்து நடக்கறேன். நடக்கறப்பவே மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது, படியில எதுக்கால வர்ற மொத ஆளு பொம்பளையா இருந்தா அவரு ஆடல, ஆம்பளையா இருந்தா ஆடறாருன்னு. யாரும் வரல. காலி படி.

காலின்னா காலி இல்ல, திருப்பத்துல அவரே உக்காந்திருக்கார். பட்டு வேட்டி அழுக்காகுமேங்கற நெனப்புகூட இல்லாம படியில உக்காந்து, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வைச்சுக்கிட்டு. மேல ரூம்லேருந்து சீட்டு கலைக்கிற சத்தம் கேக்குது, சர்ர்ருன்னு, புதுக்கட்டுக்குத்தான் அந்தச் சத்தம் வரும், எனக்கே ரோமம் நிக்குது, அவருக்கு எப்படி இருக்கும். நான் மொதல்ல பாத்தது அவர் கண்ணை. அப்பறம் சட்டைப் பையை. ஆடுனீங்களான்னேன். இல்லைங்கற மாதிரி தலையை ஆட்டினார், கோவம்கூட வரல அவருக்கு, இப்படிக் கேட்டா கோவம் வரணுமா இல்லையா ஒரு மனுசனுக்கு. பக்கத்துல இருந்த எடத்தைத் தட்டிக் காமிச்சார் உக்காருன்னு. நான் உக்காரல.

“பூங்கோதை, காலையில மாப்பிள்ளைக்கு வெந்நி குடுக்கப் போனேன். பாத்ரூம்ல குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு. தண்ணி பக்கெட்டுல விழல, வெறும் தரையில விழுந்துச்சு. ரொம்ப நேரம். வெளிய வந்தப்ப அவன் தலைகூட நனையல. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.”

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். தன்னோட சீக்கை அடுத்தவன் பையன் மேல ஒட்டப் பாக்கறார். பாக்கறவனெல்லாம் திருடன் மாதிரிதான் தெரியும் இவருக்கு. பெங்களூர்ல வேலை பாக்கற பையன், ஆபீஸ் போன் வந்திருக்கும், வயிறு சரியில்லாம இருந்திருக்கும். இல்லைன்னா இவரே நல்லா இருக்கற சம்பந்தத்தைக் கலைக்கப் பாக்கறாரோ, எடம் போனப்பறமும் கல்யாணச் செலவுக்குச் சரின்னு சொன்னதை நெனைச்சு இப்ப பயப்படறாரோ. வாயை மூடுங்கன்னேன். இந்தப் பேச்சு இன்னொரு காதுல விழுந்துச்சுன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்னேன். அவரு மூடிக்கிட்டார். அதான் அவரு, சொல்லிப் பாத்துட்டு மூடிக்குவார், நான் சொன்னா யாரு நம்புவாங்கற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான். நான் திரும்பி இறங்கறேன். பாம்பின் கால் பாம்பறியும்னு எந்தப் பாழாப்போனவ என் மண்டைக்குள்ள சொல்றாளோ, படிக்குப் படி சொல்லிக்கிட்டே வர்றா.

ஹாலுக்குள்ள வந்தா மாப்பிள்ளையை மேடைக்குக் கூட்டிக்கிட்டு வந்து நாற்காலியில உக்கார வைச்சிருக்காங்க. தர்ஷினி இன்னும் உள்ள, பூ வைக்கிறாங்க. நான் தூண் ஓரமா நின்னு அந்தப் பையனைப் பாக்கறேன். சும்மாதான் பாக்கறேன், எங்க வீட்டுக்காரர் சொன்னது பொய்யின்னு பாக்கறதுக்காகத்தான் பாக்கறேன். நல்ல பையன். குனிஞ்சு போன்ல என்னமோ பாக்கறான், இந்தக் காலத்துப் பசங்க எல்லாம் பாக்கறதுதான். அவங்கம்மா மரகதம் மேடை ஏறி வந்தாங்க. போட்டோ எடுக்கறேன் குடுடான்னு கையை நீட்டினாங்க, அவன் திரையை ஒரு தட்டு தட்டி அணைச்சுட்டுத்தான் குடுத்தான். அந்தம்மா போட்டோ எடுக்கல. போனைத் திருப்பினாங்க, அதோட முதுகுல உள்ளங்கையை வைச்சாங்க, கொழந்தைக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு நெத்தியில வைக்கிற மாதிரி. வைச்சு அப்படியே நின்னாங்க. ஐயோ. அது எனக்குத் தெரியும். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கறதில்ல. ரொம்ப நேரம் ஆடின போன் முதுகு சுடும், திரையை அணைச்சு எல்லாத்தையும் அழிச்சு வைச்சாலும் சூட்டை அழிக்க முடியாது, அந்தச் சூட்டை நான் வருசக்கணக்கா என் கையால தொட்டுப் பாத்திருக்கேன், அவர் தூங்கினப்பறம், குளிக்கப் போனப்பறம், தலையணைக்கு அடியில. அந்தம்மா மொகம் செத்துப்போச்சு. போனைத் தன்னோட கைப்பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்தாங்க, நிமிந்து சபையைப் பாத்துச் சிரிச்சாங்க. என்னை மாதிரியே சிரிச்சாங்க. சீட்டுக்கட்டு வேண்டாம்னு சொன்னது எங்க வீட்டுக்காரருக்காக இல்ல. என் கனத்தையே தடவிக்கிட்டு இருந்தவளுக்கு எதுக்கால வர்றவ மடி தெரியல. அந்த ரூம்ல புதுக்கட்டு சத்தம் கேட்டுறக் கூடாதேன்னு அந்தம்மா அவங்க பிள்ளைக்காகக் கேட்டிருக்காங்க. நான் பாவி ஊர்ல உள்ளவங்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். சகுந்தலாவை, சொந்தத் தம்பியை, படியில உக்காந்து உண்மையைச் சொன்ன மனுசனை. மாப்பிள்ளையை மட்டும் விட்டுட்டேன்.

தட்டை எடுங்கம்மான்னு ஐயர் கூப்புடறார். ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் ஏறுது. கால் தானா மேடைக்குப் போகுது. இப்ப என்ன பண்றது. சொன்னா சபையில நாறும், உன் புருசன் யோக்கியமாடின்னு சகுந்தலாவே கேப்பா. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணும்பாங்க, நாங்க ஒண்ணுதான் சொன்னோம், கிழங்கு வியாபாரம்னு, அவங்க ஒண்ணை மறைச்சாங்க, கணக்கு சரியாப் போச்சுன்னு விட்டுடலாமா. கையில தட்டு. தேங்காய், பழம், பூ, மஞ்சள், பொடவை. எதுக்கால மரகதம், அவங்க கையிலயும் தட்டு. பின்னாடி என் வீட்டுக்காரர் வந்து நிக்கிறார், மூச்சு தெரியுது. அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுங்கற தைரியத்துல, சிரிச்ச மொகமாவே, சீட்டுக்கட்டு யாருக்காகங்க வேண்டாம்னீங்கன்னு கேட்டேன். பொய் சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேன். பொய்யா இருந்தாத் தேவலையே. அவங்க என் கண்ணைப் பாத்து, கூடப்பொறந்தவ மாதிரி, தாழ்ந்த குரல்ல சொன்னாங்க.

“கால்கட்டுப் போட்டா நின்னுடுவான்னு நம்பறேங்க. உங்க வீட்டு விஷயம் எங்களுக்கு மொதல்லயே தெரியும். அதனாலதான் வேற எடம் வந்தும் இங்க வந்தோம். வேற வீட்டுப் பொண்ணுன்னா தாங்காது. உங்க பொண்ணு பாத்துப் பழகினது. அதுக்குத் தெரியும், எப்படிப் பாத்துக்கணும்னு.”

கெட்ட எண்ணத்துல சொல்லல. அதுதான் எனக்குப் பயமா இருக்குது. ஒரு துளி கெட்ட எண்ணம் இல்ல அந்தம்மாகிட்ட. அலுத்துப்போயிருக்காங்க. ஷிப்டு முடிஞ்சவ அடுத்த ஆள்கிட்ட சாவியைக் குடுக்க நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. கம்பெனிக்காரன் தட்டிவிட்டது, போலீசு தட்டிவிட்டது, அவங்க மாமியா வீட்டுல தட்டிவிட்டது, எல்லாம் அவங்க மடியிலயும் விழுந்திருக்கு, இப்ப அதைப் பூ வைச்சு, பழம் வைச்சு, தட்டுல வைச்சு என் பொண்ணுகிட்ட நீட்டறாங்க. என் பொண்ணு பழகினவளாம். எங்க வீட்டு நாசம் அவளுக்குப் படிப்பாம், தகுதியாம். மாத்துங்கம்மா, நல்ல நேரம்னு ஐயர் சொல்றார். அவங்க தட்டை நீட்டறாங்க. நான் என் தட்டைத் திருப்பி பின்னாடி நின்ன என் வீட்டுக்காரர் கையில குடுத்தேன். புடிங்க, யாருக்கும் குடுக்காதீங்கன்னேன். அவரு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டார். ஏன்னு கேக்கல.

ரூமுக்குள்ள போயி கூட இருந்த பொண்ணுகளை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். தர்ஷினி கண்ணாடி முன்னாடி மயில் கலர் பட்டுல உக்காந்திருக்கா. இவ்வளவு அழகா இருப்பான்னு எனக்குத் தெரியாது. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல, மாப்பிள்ளை போன்லன்னு ஆரம்பிச்சேன், அதுக்குள்ள அவ கண்ணாடியிலயே என்னைப் பாத்து, தெரியும்மான்னா. போன்ல பேசறப்பவே தெரியும்மா, நான் என்ன சொன்னாலும் கொஞ்சம் நேரம் கழிச்சுத்தான் ‘ம்’னு வரும், அப்பா அப்படித்தான சொல்லுவார்ங்கறா. அழல அவ. சாம்பாருக்கு உப்பு பத்தலைங்கற மாதிரி சொல்றா. தெரிஞ்சுமாடி சரின்னன்னு கேட்டேன்.

“எல்லார்கிட்டயும் ஏதோ ஒண்ணு இருக்கும்மா. இதுன்னா எனக்குத் தெரிஞ்சது. நீ அப்பாவைப் பாத்துக்கலையா. நானும் பாத்துக்குவேன்.”

நான் அவளுக்கு ஒரு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்ததில்ல. இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன். பக்கத்துல உக்கார வைச்சு இல்ல, சட்டைப் பையில கையை விட்டு விட்டு, கதவுல காதை வைச்சு வைச்சு, ஒவ்வொரு நாளும் அவ கண்ணு முன்னாடி சொல்லிக் குடுத்திருக்கேன். அவளும் கத்துக்கிட்டா, பொறுப்பான பொண்ணுன்னு பேரு வேற வாங்கிட்டா. அவ பக்கத்துல தரையில உக்காந்துட்டேன்.

“நான் பாத்துக்கிட்டேன்னு யாருடி சொன்னா? அவரா வாயைத் தொறந்து கேட்டார், டாக்டர் பாத்தார், அவரா நிறுத்தினார். நான் காவல்தாண்டி காத்தேன். காவல் காத்ததுல ஒரு ஆட்டம்கூட நிக்கல. அவரையே பாத்துப் பாத்து உன்னைப் பாக்காம விட்டேன்.”

வெளிய நாதஸ்வரத்தை நிறுத்திட்டாங்க. கதவைத் தட்டறாங்க, சகுந்தலா குரல், அப்பறம் ஐயர், நேரம் போகுதும்மான்னு. நான் எந்திரிச்சுத் தாழ்ப்பாளைப் போட்டேன். அப்பறம் அவர் குரல் கேட்டுச்சு. சபையில வாயே தொறக்காத மனுசன். கதவைத் தட்டாதீங்க, அவங்க பேசி முடிக்கட்டும், கேக்கறதை என்கிட்ட கேளுங்கங்கறார். அப்பறம், எங்க வீட்டுல கிழங்கு வியாபாரத்துல ஒண்ணும் போகலைங்க, நான் சொல்றேன்னு ஆரம்பிக்கிறார். என்ன சொல்றார், எதை விட்டுச் சொல்றார், கையை எங்க வைச்சிருக்கார்னு கதவுகிட்ட போயிக் கேக்கணும்னு எனக்குக் கால் பரபரக்குது. போகல. தர்ஷினிக்கு இப்பத்தான் அழுகை வந்திருக்கு. அவ தலையை என் மடியில சாச்சு வைச்சுக்கிட்டு, பூவுல குத்தியிருக்கற ஊசியை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டிருக்கேன்.